படத்தில் தெரியாத நோவு

உம்மா முதுகு நோகுதென்ற போதெல்லாம், எக்ஸ்றே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “ஒன்டுமில்ல உம்மா, வயசுதான்” என்பேன். நற்பிட்டிமுனையிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போன பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: மைலோமா. எலும்பை அரிக்கும் இரத்தப் புற்றுநோய்.

எலும்பின் கனிமத்தில் சுமார் 30 வீதமாவது கரைந்தால்தான் சாதாரண எக்ஸ்றேயில் ஓட்டை தெரியும். அதுவரை நான் நம்பியது படத்தை, உம்மாவை அல்ல. குறைந்த கதிர்வீச்சில் உடல் முழுவதையும் பிடிக்கும் சீ.ரீ. ஸ்கேன், 5 மில்லிமீற்றர் ஓட்டையையும் காட்டிவிடும். 2019இல் சர்வதேச மைலோமா செயற்குழு அதையே முதற் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது.

ஸ்கேன் திரையில் உம்மாவின் முள்ளந்தண்டு கறையான் தின்ற மரம்போல் தெரிந்தது. உம்மா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “இப்பயாவது நம்புறியா மகன்?” என்று மட்டும் கேட்டா.