பதில் வராத செய்தி

மூன்று வாரங்களுக்கு முன் என் கைபேசிக்கு வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தி வந்தது. முன்பு நான் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். வீட்டுப் பாகப்பிரிவினையில் மனம் கசந்து, தம்மோடு பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனிடம் நான் ஒரு முறை பேச வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நிதானமாக யோசித்து நல்ல பதில் எழுதலாம் என்று தள்ளிவைத்தேன். ஒரு நாள் நான்கு நாளாயிற்று. நாள் ஏற ஏறப் பதிலோடு தாமதத்திற்கான விளக்கமும் எழுதவேண்டியதாயிற்று. விரல் எழவில்லை.

அஞ்சலட்டைக் காலத்தில், பதில் வராவிட்டால் தபால் தாமதம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோம். 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீலக்குறிகள் வந்தபின் அந்த ஆறுதலும் போயிற்று. படித்துவிட்டார் என்று குறி சொல்கிறது. ஏன் எழுதவில்லை என்று அது சொல்வதில்லை. அந்த மௌனத்திற்கு அலட்சியம், ஆணவம் என்று நாமே பெயர் வைக்கிறோம். நானும் பதில் தராதவர்களுக்கு, "பார்த்தீர்களா?" என்றும், சில வேளை வெறும் கேள்விக்குறியாகவும் அனுப்பியவன்தான். அவை நினைவூட்டல்கள் அல்ல, குற்றச்சாட்டுகள் என்பது அப்போது விளங்கவில்லை.

பத்தாம் நாள் ஆசிரியையின் இரண்டாம் செய்தி வந்தது. "சாமி, உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். அண்ணன் வெள்ளிக்கிழமை வெளியூர் புறப்படுகிறார். அதற்குமுன் அவரைப் பார்த்துப் பேச முடியுமா? முடியாது என்றால் அந்த ஒரு சொல் போதும், வருத்தப்பட மாட்டேன்."

'ஏன் பதில் இல்லை' என்ற கேள்வியே அதில் இல்லை. கேட்டது ஒன்று, அதற்கொரு நாள், மறுக்கவும் உரிமை. விளக்கம் கூறும் சுமையிலிருந்து அவர் என்னை விடுவித்துவிட்டார். "வியாழன் மாலை போகிறேன்" என்று உடனே எழுதினேன்.

போனேன். அண்ணன் இளகிவிடவில்லை. ஆனால் தம் கைபேசியிலிருந்து அழித்திருந்த தங்கையின் எண்ணை என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்பு வாசகரே, மௌனம் எப்போதும் மறுப்பு அன்று. பல வேளைகளில் அது வெட்கம். மறுபடி எழுதுமுன் சில நாள் பொறுத்திருங்கள். பழைய செய்தியைத் தேடவைக்காமல், காரியத்தை இரு வரியில் மீண்டும் சொல்லுங்கள். அவசரமானால் அழைத்துப் பேசுங்கள். இரண்டாம் முறையும் பதில் இல்லையேல் அந்த மௌனத்தை மதித்து விட்டுவிடுங்கள்.

அன்றிரவு, முன்பு நான் கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்த ஒரு நண்பருக்கு மீண்டும் எழுதினேன். முதல் வரியில் மன்னிப்புக் கேட்டேன்.