பஞ்சுவின் நோட்டு

ஜூன் 2

ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது நாய்க்குட்டி அட்டைப்பெட்டிக்குள் நன்றாகத் தூங்கியது. சங்கரன்கோவில் தாண்டியதும் எச்சில் ஒழுகியது. கழுகுமலை வருவதற்குள் என் மடியில் இரண்டு தடவை வாந்தி. கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் பழைய பேப்பரை நீட்டினார். கோவில்பட்டியில் இறங்கித் தண்ணீர் காட்டியதும் வாலை ஆட்டியது. 45 நாள் ராஜபாளையம் குட்டி. முழு வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். மகள் வழியிலேயே ‘பஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டாள். 2005-இல் தபால்தலையிலேயே வந்த சாதி என்று நான் பெருமையடித்துக்கொண்டிருக்க, அத்தை பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “வயிறு என்னம்மா இப்படி உப்பிக் கெடக்கு?”

ஜூன் 3

“பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்காம என்னத்தக் குடுக்க?” என்று அத்தை பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி ஊற்றினார். மத்தியானத்துக்குள் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. ராத்திரி போனதில் வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடந்தது. இடியாப்ப இழை என்று நினைத்துக் குனிந்தேன். அது நெளிந்தது. இந்த வீட்டில் இனி சில நாளைக்கு இடியாப்பம் கிடையாது.

ஜூன் 4

மாட்டாஸ்பத்திரி. எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. டாக்டர் குட்டியைத் தொடுவதற்கு முன்பே கேள்வியை ஆரம்பித்தார். எத்தனை தடவை போனது, என்ன நிறம், சளி மாதிரி இருந்ததா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? நான் மகளைப் பார்த்தேன், மகள் என்னைப் பார்த்தாள்.

“நோட்டுப் போட்டு எழுதுங்கம்மா. அதுக்குப் பேச வராதுல்ல?”

இந்த நோட்டு அப்படி வந்ததுதான். முதல் இரண்டு நாளும் ஞாபகத்திலிருந்து எழுதியவை.

வயிற்றில் இருப்பது உருளைப்புழு. தாய் நாயின் உடம்புக்குள் பதுங்கியிருக்கும் புழு, அது சினையானதும் விழித்துக்கொண்டு வயிற்றிலிருக்கும் குட்டிக்குள் போகிறதாம். பிறந்த பிறகு பால் வழியாகவும் போகும். அதனால் ஏறக்குறைய எல்லாக் குட்டிக்கும் இது உண்டு. எடை 3 கிலோ 200 கிராம். அதற்குத் தக்கபடி பூச்சி மருந்து வாயில் ஊற்றினார், 15 நாள் கழித்து இன்னொரு தடவை. பசும்பாலை நிறுத்தச் சொன்னார். பாலில் உள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காதாம். குழைந்த சோற்றில் வேகவைத்த கோழியைப் பிசைந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை. குட்டியைத் தொட்ட கையை மகள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இந்தப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள்ளும் போகும்.

“கடிச்சு விளையாடுதா, சோத்தைப் பாத்தா ஓடி வருதா? அப்ப பயமில்ல. வாந்தியும் சேந்து, சோத்தைத் திரும்பிப் பாக்காமச் சுருண்டு படுத்து, ரத்தமாப் போனா ராத்திரின்னும் பாக்காதீங்க, தூக்கிட்டு ஓடியாங்க.” பார்வோ என்ற பெயரை அப்போதுதான் சொன்னார். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்காகச் சாகாமல் கிடக்குமாம். தடுப்பூசிகள் முடியும்வரை பஞ்சுவைத் தெருவில் இறக்கக் கூடாது.

“ஒரு ஊசி போட்டாச்சு” என்று சொல்லித்தான் விற்றார்கள். அவர்கள் தந்த அட்டையைக் காட்டினேன். பேனாவில் ஒரு டிக் மட்டும் இருந்தது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, கையெழுத்து இல்லை. “இதைக் கணக்குல எடுக்க முடியாதும்மா. வயிறு சரியானதும் முதல்லேருந்து போடுவோம்.” வாங்கும்போது அட்டையைத் திறந்துகூடப் பார்க்காத எனக்கு யார்மேல் கோபப்பட யோக்கியதை?

ஜூன் 7

கெட்டியாகப் போனது! இதைக் கொண்டாடும் நிலைமைக்கு வந்துவிட்டோம்.

காதுக்குப் பின்னால் மூன்று உண்ணி. அத்தை புகையிலையை ஊறவைக்கப் போனார். குட்டி நக்கினால் அதுவே விஷம் என்று தடுத்துவிட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். கோபித்துக்கொண்ட அத்தை சாயங்காலம் குட்டியைத் தொட்டுவிட்டு, “காய்ச்சல் அடிக்கு” என்றார். தெர்மாமீட்டரில் 101.6. நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம். நமக்கு அந்தச் சூடு இருந்தால் படுத்துவிடுவோம்.

ஜூன் 9

தொப்புளில் கொண்டைக்கடலை அளவு மேடு. அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் வருகிறது. டாக்டருக்குப் போன். பெரும்பாலும் வளர வளர மூடிக்கொள்ளுமாம். கெட்டிப்பட்டு, சூடாகி, தொட்டால் கத்தினால்தான் அவசரம்.

ஜூன் 12

ஊசி போட்டாயிற்று. இந்த முறை அட்டையில் ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்திட்டார். கிளம்பும்போது போகிற போக்கில் கேட்டார், “கூப்பிட்டாத் திரும்புதா?”

முழு வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்குக் காது கேட்காது. உட்காதில் நிறம் தரும் செல்கள் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே ஒலியை வாங்கும் நுண்முடிகள் அழிந்துபோகும். அதற்கு மருந்து கிடையாது. பத்து நாளாக வயிற்றையும் வாலடியையும் பார்த்துக் கிடந்த எனக்குக் காதில் உண்ணி தெரிந்தது, காது தெரியவில்லை.

கைதட்டிப் பார்த்தோம், திரும்பியது. ஆனால் கை அதன் கண்ணில் பட்டிருக்குமே! டம்ளரைக் கீழே போட்டோம், திரும்பியது. தரை அதிர்ந்திருக்குமே! ராத்திரி மூவருக்கும் தூக்கம் வரவில்லை. பஞ்சு தூங்கியது.

ஜூன் 13

காலை 7.10. பஞ்சு கூடத்தில் சாக்கின்மேல் உறக்கம். அடுப்படியில் குக்கர் விசில். தலை தூக்கியது! அடுத்த விசிலுக்கும் தூக்கியது. “கேக்குட்டி, கேக்கு!” என்று பேத்தியைக் கட்டிக்கொண்டார் அத்தை.

ஜூன் 19

இரண்டாவது பூச்சி மருந்து. எடை 4 கிலோ 700. நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர், மகள் பென்சிலில் எழுதியிருந்த ஒரு வரியில் நின்றார்: ‘வலப்பக்கம் கூப்பிட்டாலும் முதலில் இடப்பக்கமே பார்க்கிறது.’ அவள் இதை எழுதியது எனக்கே தெரியாது.

டாக்டர் பின்னால் போய் நின்று வலப்பக்கம் சாவிக்கொத்தை ஆட்டினார். பஞ்சு இடப்பக்கம் திரும்பித் தேடியது. மறுபடியும் அப்படியே. ஒரு காது மட்டும் கேட்கலாம் என்றார். உறுதியாகச் சொல்ல, தலையில் வயர் பொருத்திப் பார்க்கும் கருவி வேண்டும். ஒற்றைக் காதோடு நாய் நன்றாக வாழும். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அதற்குத் தெரியாது. ரோட்டில் கயிறில்லாமல் விடக் கூடாது, இனம் சேர்க்கவும் கூடாது.

வெள்ளைக் குட்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போங்கள். குட்டியைத் தனியாகத் தூக்கி வைத்து, பின்னால் நின்று இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும்.