முயல்

கொரிந்த் அகழ்வில் கிடைத்த பைஸாண்டியப் பாண்டங்களைப் பற்றி சார்ல்ஸ் மார்கன் 1942இல் ஒரு நூல் வெளியிட்டார். பறவை, மீன், சிறுத்தை என்று பல பிராணிகள் இந்தப் பாண்டங்களில் உண்டு. 12ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்களின் முயல்தான் என்னை விடமாட்டேனென்கிறது.

அதை வரைந்தார்கள் என்பது சரியில்லை. செம்மண் பாண்டத்தின்மேல் வெண்களிக் குழம்பைப் பூசி, சுடுவதற்குமுன் கூர்முனையால் கீறுகிறான் குயவன். வெள்ளை போன இடத்தில் அடியிலிருக்கும் மண்ணே கோடாகிறது. பிறகு ஈயம் கலந்த மெருகு, சூளை. சிலவற்றில் உருவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை முழுவதும் சுரண்டப்பட்டிருக்கும். அங்கே பிராணி என்பது சுரண்டாமல் விட்ட இடம். வங்கியில் தவறான பதிவை எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்துவிடுகிறேன். கீறிய கோட்டுக்கு எதிர்ப்பதிவு கிடையாது.

அரண்மனைப் பண்டமுமில்லை இது. கிரேக்கத்தில் அலொனிசோஸ் தீவருகே அதே நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்றில் இத்தகைய தட்டுகள் சரக்காகவே ஏற்றப்பட்டிருந்தன. யாரோ வாங்கி, எதையோ போட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். உணவு தீரும்வரை முயல் தெரியாது.

மூன்று வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பை ‘அலங்காரம்’ என்று ஒரே சொல்லில் தள்ளி எழுதினேன். (விமர்சனத்தில் இப்படிப்பட்ட சொற்கள் சௌகரியமானவை.) அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எழுதியதாகத் தெரியவில்லை. பாதியில் மூடி வைத்துவிட்டு எழுதிய மதிப்புரை அது. அவரிடம் இதைச் சொன்னதில்லை. முயலைப் பார்த்த இரவு தொகுப்பைத் தேடியெடுத்தேன். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கட் 22ஆம் பக்கத்தில் அப்படியே இருந்தது.