சூடேறாத வண்டியும் ஹெட்டை இறக்காத அண்ணாவும்

அன்புள்ள மெக்கானிக் அண்ணாவுக்கு,

பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. ஊட்டியில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாரென்று தெரிந்துகொள்வார்கள்.

சூடாகிற வண்டிக்காரனுக்குத்தான் எல்லோரும் பரிதாபப்படுவார்கள். சூடே ஆகாத வண்டி என்றால் கொடுத்துவைத்தவன் என்பார்கள். என் பழைய டீசல் பிக்கப்பில் டெம்பரேச்சர் முள் 'சி' எழுத்தை விட்டு நகராமல் கிடந்ததைப் பார்த்து, "எஞ்சின் கூலா இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கேத்தி பாலாடாவில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற வண்டி அது. காலையில் நெடுநேரம் வெண்புகை, மைலேஜ் படிப்படியாகக் குறைவு. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் வெளுத்த பசை. அந்தப் பசையைப் பார்த்துத்தான் வேறொரு பட்டறையில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கியாக வேண்டும் என்றார்கள். செலவைக் கேட்டு வாய் பேசாமல் வந்துவிட்டேன்.

பிறகு உங்களிடம் வந்தேன். நீங்கள் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்த நிறம் இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டீர்கள், குறையவில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள், குமிழி வரவில்லை. "ஹெட்டுல ஒண்ணுமில்ல. இது வேர்வைத் தண்ணி" என்றீர்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். எஞ்சின் சூடாக இருந்தால் அதுவும் ஆவியாகிப் போகும். குளிர்ந்தே ஓடினால் மூடியில் பசையாகப் படியும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய், டீசல் வாடை அடிக்கிறது என்றும் காட்டினீர்கள். சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்க வைப்பதுதான் இதில் மோசமான பகுதி. தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது.

மீட்டர் பொய் சொல்லலாம் என்று அடுத்த சந்தேகம். சென்சார் ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டதும் முள் மறுகோடிக்கு ஓடியது. ஒயரும் மீட்டரும் நன்றாக இருக்கின்றன என்றீர்கள். டெம்பரேச்சர் கன்னை வைத்து தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் பார்த்தபோதும் உண்மையிலேயே குளிர்ச்சிதான். ஃபேன் இறுகிப்போய் எப்போதும் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தீர்கள். அதிலும் கோளாறு இல்லை.

வண்டியை இரவு அங்கேயே விடச் சொல்லிவிட்டு, காலைப் பனியில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் என் கையை வைக்கச் சொன்னீர்கள். தெர்மோஸ்டாட் வால்வு மூடியிருந்தால் எஞ்சின் சூடாகும்வரை அந்த ஹோஸ் சில்லென்று இருக்க வேண்டும். திறந்தபிறகு சட்டென்று சுட வேண்டும். இங்கே ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பு. ஹவுசிங்கைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் வால்வையே காணோம்! வண்டி எனக்கு முன்னால் சமவெளியில் ஓடியது. ஏதோ ஒரு கோடையில், சூடாகிறது என்று யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இது ஒரு பெரிய வைத்தியம்.

அந்த வைத்தியம் சூட்டுக்கும் நல்லதல்ல என்று நீங்கள் விளக்கியதை எழுதியே ஆக வேண்டும். பல எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கிறது. வால்வு இல்லாவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். உரமூட்டையோடு மேடேறும்போது சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். இறக்கத்திலோ நேர்மாறு. கியரில் இறங்கும்போது டீசல் எரிவதே அபூர்வம், இருக்கிற கொஞ்சச் சூட்டையும் ரேடியேட்டர் உறிஞ்சிவிடும். டிரைவர்கள் ரேடியேட்டர் முன்னால் அட்டை செருகுவதன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

புது வால்வை மாட்டுவதற்கு முன் அடுப்பில் பாத்திரம் வைத்துச் சோதித்தீர்களே, அதை மறக்க மாட்டேன். 82 என்று பொறித்திருந்தது. தெர்மாமீட்டர் அதை ஒட்டி வந்தபோது வால்வு அசைந்து கொடுத்தது. உள்ளே இருப்பது மெழுகு. உருகி விரிந்து ஊசியைத் தள்ளுகிறது. 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய உத்தி, இன்னும் மாறவில்லை. "முழுசா திறக்கறத இங்க பாக்க முடியாது" என்றீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், இந்த வால்வு முழுதாய்த் திறக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளையை மேல்பக்கமாக வைத்து மாட்டி, வெறும் தண்ணீரை இறக்கிக் கூலன்ட் ஊற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தீர்கள்.

இப்போது முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, இறக்கத்திலும் விழுவதில்லை. மூடியில் பசை இல்லை. ஹெட்டை இறக்கியிருந்தால் செலவு போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும். சில நூறு ரூபாய் வால்வைத் தேடி நீங்கள் செலவிட்ட நேரத்துக்கு வாங்கிய கூலி குறைவு. என் நன்றி அதற்கும் சேர்த்துத்தான்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சமவெளியில் ஓடிய பழைய வண்டியை மலைக்கு வாங்கி வருகிறீர்கள் என்றால், பெயின்ட் அடிப்பதற்கு முன் அந்த ஹவுசிங்கைக் கழற்றி உள்ளே வால்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேரட் லோடு ஓட்டும் உங்கள் தம்பி,
கேத்தி பாலாடா