போடி லைன்

மதுரை ஜங்ஷனிலிருந்து மேற்கே கிளம்பும் போடி ரயிலுக்கு வலப்பக்கம் நாகமலை கூடவே வருகிறது. நகரத்துச் சத்தம் ஓய்ந்ததும் வடபழஞ்சி. காமராசர் பல்கலைக்கழகமும் ஐ.டி. பூங்காவும் பக்கத்திலேயே வந்துவிட்ட பிறகும் இது கிராமத்து ஸ்டேஷன்தான். இங்கே ரயிலுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: பெரும்பாலும் பஸ் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள்.

1928-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜில் போட்ட பாதை இது. நீளம் சுமார் 90 கி.மீ. போடி மலையின் ஏலக்காயும் காப்பியும் இதன் வழியே மதுரைக்கு இறங்கின. இரண்டாம் உலகப்போர் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ரயில் மறுபடி ஓட 1950-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 2010 கடைசியோடு, அகலப்பாதை வேலைக்காக, திரும்பவும் நின்றது. தேனி வரை ரயில் வந்தது 2022 மே 26-இல். போடிக்கு 2023 ஜூன் 15-இல். அதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூவுக்கு வந்திருக்கும். நூறு வயது நிறையாத ஒரு பாதையின் ஆயுளில் இருபது வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லை என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உசிலம்பட்டியைத் தாண்டினால் ஆண்டிபட்டிக் கணவாய். லைனிலேயே அழகான இடம் இதுதான். பாறையை வெட்டி வழி செய்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட பாறைச்சுவர், அதன் இடுக்கில் வேர்விட்ட செடிகள். மீட்டர் கேஜுக்கு வெட்டிய வழியை அகலப்பாதைக்காக மேலும் குடைய வேண்டியிருந்தது. கணவாய் தாண்டியதும் காற்றே மாறிவிடுகிறது. ஆண்டிபட்டி, தேனி, அப்புறம் மலையடிவாரத்தில் போடி. அங்கிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஜீப்புகள் போடிமெட்டுக்கு ஏற்றிச் செல்கின்றன.

பாதை வந்தது, நேரம்தான் ஊர்க்காரர்களுக்குத் தோதாக வரவில்லை. பாசஞ்சர் ரயில் காலையில் மதுரையில் கிளம்பி, மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. வாரம் மூன்று நாள் வரும் சென்னை ரயிலும் காலையில் போடி சேர்ந்து, இரவில் புறப்படுவதுதான். உசிலம்பட்டிப் பிள்ளை மதுரைக் கல்லூரிக்குப் போகவேண்டியதோ காலையில், எதிர்த்திசையில். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும், பூக்கூடையோடு மாட்டுத்தாவணிக்குக் கிளம்புகிறவருக்கும் அப்படியே. விடிகாலையில் போடியில் புறப்பட்டு, ஆபீஸ் நேரத்துக்கு முன் மதுரை சேர்ந்து, பொழுது சாய மேற்கே திரும்பும் ஒரு பாசஞ்சர் போதும். புதுத் தண்டவாளம் வேண்டாம், புது நிலம் எடுக்க வேண்டாம்; இருக்கிற பாதைக்கு இன்னொரு ரயில்பெட்டித் தொடரும் ஒரு கால அட்டவணையும்தான் வேண்டும்.