பந்தைக் கொடுத்தவன் செய்தது தவறா?



கோவில்பட்டி என்றதும் வெளியூரார்க்குக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். இக்கரிசல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கோ ஹாக்கிதான் நினைவுக்கு வரும். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் கோவில்பட்டிப் பிள்ளை. ஆகவே நாகலாபுரத்தில் நம்மிடம் ஓதும் சிறுவர்களும் அஸர் தொழுகை முடிந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு ஓடுவதில் வியப்பில்லை.

சென்ற மாதம் பக்கத்து ஊர் அணியுடன் ஓர் ஆட்டம். இரு தரப்பும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்த நிலையில் கடைசி நிமிடங்கள். நம் அணியின் சிறந்த ஆட்டக்காரன் இருவரை ஏய்த்து வட்டத்துக்குள் நுழைந்தான். கோல்கீப்பர் முன்னேறி வந்து அவனை மறித்தார். இடப்புறம் நம் மாணவர்களில் ஒருவன், அணியிலேயே சிறியவன், தனியே நின்றான். பந்து அவனுக்குப் போயிற்று. எதிரே திறந்த கோல். அவனுடைய மட்டை பந்தை உரசியது. பந்து வெளியே உருண்டது. அடுத்த தாக்குதலில் எதிரணி கோல் போட்டது. தோற்றோம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இதே பேச்சு. "அவ்வளவு தூரம் கொண்டு போனவன் தானே அடிக்க வேண்டியதுதானே" என்றார் ஒரு பெரியவர். "கோல்கீப்பர் மறித்த பின் எங்கே அடிப்பது?" என்றார் மற்றொருவர். நம்மிடமும் கேட்டார்கள். "பலவீனமான கையில் பொறுப்பைக் கொடுக்கலாமா? அவனே அடித்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டோம். சொல்லி முடித்துத் திரும்பினால், அந்தச் சிறுவன் படியருகே செருப்பைத் தேடிக்கொண்டு நின்றிருந்தான். அடுத்த மூன்று நாட்கள் அவன் ஓத வரவில்லை.

நான்காம் நாள் பந்தைக் கொடுத்தவனை அழைத்துக் கேட்டோம். அவன் தயங்காமல் சொன்னான்: "அவன் பக்கத்துல யாருமே இல்ல ஹஜ்ரத். மறுபடி அதே மாதிரி வந்தாலும் அவனுக்குத்தான் குடுப்பேன்."

பதினைந்து வயதுப் பிள்ளையின் அந்தப் பதில் நம்மை வெட்கப்பட வைத்தது. அவன் அக்கணத்தில் தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து முடிவெடுத்தான். நாமோ பந்து வெளியே போனதைக் கண்ட பிறகு முடிவைக் குறை கூறினோம். பந்து கோலுக்குள் போயிருந்தால் அதே திண்ணையில் அவனுடைய அறிவைப் புகழ்ந்திருப்போம் அல்லவா?

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில், தமிழ்நாட்டின் வி. பாஸ்கரன் தலைமையில், இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த நான்கு கோல்களுள் ஒன்றைப் போட்டவர் வாரணாசியின் முஹம்மது ஷாஹித். அப்போது அவருக்கு வயது இருபது. பந்தை மட்டையோடு ஒட்டவைத்தாற்போல் எதிரிகளை ஏய்ப்பதில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். ஆனால் ஹாக்கி அறிந்தவர்கள் அவர் பெயரைத் தனியே சொல்வதில்லை. ஷாஹித், ஜாஃபர் இக்பால் என்று இணைத்தே சொல்வார்கள். இருவரும் பந்தை மாற்றி மாற்றிக் கொண்டு முன்னேறிய அழகே அதற்குக் காரணம். ஏய்க்கத் தெரிந்தவன் கொடுக்கவும் தெரிந்திருந்தால்தான் பக்கத்தில் இருப்பவனும் வளர்கிறான்.

இதைச் சிந்திக்கையில் உஹுது நம் நினைவுக்கு வந்தது. விளையாட்டை அதனோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அதிலிருந்து நமக்கான பாடத்தைப் பெறுவதே நோக்கம். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர்கள் வெளியே சென்று போரிட விரும்பினார்கள். அவர்களுடைய கருத்துக்கு இணங்கி நபியவர்கள் புறப்பட்டார்கள். குன்றின்மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளிகளில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கினார்கள். ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது பேர் ஷஹீதானார்கள்.

அதன் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும் என்று நம் புத்தி சொல்லும்? இனி இவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்றுதானே? ஆனால் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் அவர்களிடம் மென்மை காட்டவும், அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், மீண்டும் அவர்களோடு மஷூரா செய்யவும் ஏவுகிறது. உறுதியான முடிவுக்கு வந்துவிட்டால் அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டவும் கற்பிக்கிறது. தவறியவர்களை ஒதுக்காமல் மறுபடியும் அவர்களை நம்பச் சொல்கிறது.

இந்த வசனத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துபவர்கள் நாம். நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. ஒருமுறை கணக்கில் தவறிய மகனிடம் பிறகு கடைச் சாவியைக் கொடுப்பதில்லை. ஒருமுறை குழம்பில் உப்பைக் கூட்டிவிட்ட மகளை அடுப்பருகே விடுவதில்லை. பின்னர், "பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவில்லை" என்று வருந்துகிறோம்.

அன்று மாலை அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய தாயாரின் முன்னிலையில், "ஹஜ்ரத் சொன்னது தவறு வாப்பா" என்றோம். அவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். மறுநாள் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். ஓதச் சொன்னோம், இரண்டு இடங்களில் தடுமாறினான். இடைமறித்து வேறொருவனிடம் கொடுக்காமல், அவனே முடிக்கும்வரை காத்திருந்தோம்.

பிறர் தவறும்போதும் அவர்கள்மீது நம்பிக்கை வைக்கும் விசாலமான உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.