எண்பது சென்டிமீட்டர் காவிரி

காவிரியின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய நிலப்படத்தில் அது 80 சென்டிமீட்டர். படத்தை விரித்துத் தலைக்காவேரியில் விரலை வைத்தால், அரபிக் கடல் மேற்கே ஐந்தே சென்டிமீட்டரில் கிடக்கிறது. குடகு மலை கிழக்கே சாய்ந்திருப்பதால் ஆறு அந்தக் கடலுக்கு முதுகு காட்டிப் புறப்படுகிறது. பூம்புகாருக்கு நேர்கோடு இழுத்தால் சுமார் 500 கிலோமீட்டர்தான், மிச்சமெல்லாம் வளைவு. எவ்வளவு தூரம் என்றால் பறக்கும் கொக்குக்கு ஒரு விடை, ஓடும் தண்ணீருக்கு ஒரு விடை.

தலைக்காவேரியின் உயரம் ஏறத்தாழ 1,300 மீட்டர். படத்தின் அளவில் 1.3 மில்லிமீட்டர்! இவ்வளவு சிறிய சரிவுதான் ஆற்றைக் கடல்வரை கொண்டு சேர்க்கிறது. சிவசமுத்திரத்தில் ஒரே இடத்தில் நூறு மீட்டர் அளவுக்கு விழுகிறது. 1902-இல் அந்த வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை எட்டியது. காகிதத்தில் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரம் 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்த சுரங்கத்தை இயக்கியிருக்கிறது.

ஒகேனக்கல், மேட்டூர் தாண்டி அகண்ட காவிரிக்கு வந்தால் நிலப்படத்தின் இன்னொரு குணம் தெரியும். ஆற்றைக் காட்டும் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிலத்தில் அது 500 மீட்டர். தாண்டிவிடக்கூடிய ஓடைக்கும் அதே கோடு; கிலோமீட்டருக்கு மேல் மணல் விரிந்து கிடக்கும் முசிறிக்கும் அதே கோடு. படம் நீளத்தைக் காப்பாற்ற அகலத்தைக் கைவிடுகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. அங்கிருந்து கல்லணைவரை, ஸ்ரீரங்கம் தீவு முழுவதும் மூன்று சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

கல்லணையில் சற்று நிற்க வேண்டும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த எண் மனதில் எங்கும் போய் உட்காருவதில்லை. அதைக் காவிரிக் கரையில் சொல்லித்தர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதே பத்து லட்சத்தில் ஒன்று. அளவை மாற்ற வேண்டாம். பூமி 12.7 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகிறது. அதைக் கல்லணையின் ஒரு முனையில் வைப்போம். விமானங்கள் அதன் மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பறக்கும். வீரர்கள் தங்கியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் 40 சென்டிமீட்டரில் சுற்றும். நிலா 384 மீட்டரில். கல்லணையின் நீளம் 329 மீட்டர். அணையைக் கடந்து இன்னும் 55 மீட்டர் நடந்தால் நிலா. சூரியனோ 150 கிலோமீட்டரில். கல்லணையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ அவ்வளவு தொலைவில்தான் மேட்டூர் அணை இருக்கிறது. சூரியனின் குறுக்களவு 1.4 கிலோமீட்டர், அந்த அணையின் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். சூரிய ஒளி பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இந்தத் தூரங்களை யார், எப்படி அளந்தார்கள்? காவிரி பல கிளையாகப் பிரியும் தஞ்சைச் சமவெளியிலேயே அதற்கு விடை உண்டு. நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். பிறகு கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக முன்னேறினார். டெல்டாவில் ஏறிப் பார்க்க மலை இல்லை. தரையில் நிற்பவருக்குப் பூமியின் வளைவால் ஐந்து கிலோமீட்டருக்குள் அடிவானம் முடிந்துவிடும். அதையும் தென்னை மறைக்கும். கோயில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சீராக்கினார். தூரம் என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இத்தனை பொறுமை இருக்கிறது.

அதே முக்கோணத்தை 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் வானத்தில் வரைந்து காட்டினார். பூமியின் சுற்றுப்பாதையையே அடிக்கோடாக்கி, ஒரு விண்மீனின் தொலைவைக் கணக்கிட்டார். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா செந்தாரி, 4.24 ஒளியாண்டுத் தொலைவில். பழைய அளவில் அது நான்கு கோடி கிலோமீட்டர். நிஜ நிலாவின் தூரத்தைப்போல் நூறு மடங்கு. இங்கே அளவை மாற்றியே ஆக வேண்டும்.

ஆறு பூம்புகாரில் வாய்க்கால்போல் ஒடுங்கிக் கடலைச் சேரும் இடத்தில் பிராக்சிமாவை வைப்போம். சூரியன் தலைக்காவேரியில் இருக்கட்டும். நேர்கோட்டுத் தூரம் 500 கிலோமீட்டர் என்றால், சூரியன் 17 மில்லிமீட்டர் உருண்டை. அதிலிருந்து இரண்டு மீட்டருக்குள் பூமி, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்காக. இடையிலுள்ள 500 கிலோமீட்டரை ஒளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 320 மீட்டர் வீதம் கடந்துகொண்டிருக்கும். கல்லணையின் நீளம்கூட இல்லை.